லினக்ஸுக்கு ஒரு மடிக்கணினி: புதியதா, பாவித்ததா?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த வழமையான ஆதரவு முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்ரெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பதால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் கைவிடப்பட வேண்டியவையாயின. அதன் பின்னர் திருகோணமலையிலும் விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸைப் பற்றி விசாரிப்போர் கூடியிருக்கிறார்கள். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள், உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்துப் பைதன் பழகும் மாணவர்கள், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் ஆகியோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: லினக்ஸையே முதன்மை இயங்குதளமாக வைத்துக்கொள்வதென்றால் எந்த மடிக்கணினியை வாங்குவது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் இருந்துகொண்டு, அளவான பணத்தில் லினக்ஸுக்காக வாங்குபவருக்கு, கடையில் அதே விலைக்குக் கிடைக்கும் புதிய வீட்டுப் பாவனைக் கணினியைவிட, 2018ஆம் ஆண்டளவில் வெளிவந்து ஏதோ ஒரு நிறுவனம் பாவித்துக் கழித்த அலுவலகத் தரக் கணினியே பெரும்பாலும் நல்ல தெரிவு. விலை இதற்கு ஒரு காரணந்தான்; ஆனால் பழுதடையும் பாகத்தை இந்த ஊரிலேயே மாற்ற முடியுமா என்பதே என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி.

ஒப்பிடத் தொடங்கும்முன், லினக்ஸ் ஒரு கணினியில் நன்றாக இயங்குவதும் இயங்காததும் எதனால் தீர்மானிக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கரு (கேர்னல்; வன்பொருளை மற்ற நிரல்களோடு இணைக்கும் மையப் பகுதி), மூலநிரலை எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியதாக இருப்பதால் வளர்ந்தது. அந்த வழி நமக்கு அந்நியமானதன்று: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை அழித்துச் சென்ற சில வாரங்களுக்குள், காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சகானா என்னும் மென்பொருள், திறந்த மூலமாக இருந்தமையால் அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அங்கும் உதவியது. வன்பொருளை இயக்கும் நிரல்களும் அவ்வாறே எழுதப்படுகின்றன. தன் சில்லின் இயக்கு நிரலைத் தானே கருவுக்குள் கொண்டுவந்து சேர்த்துப் பராமரிக்கும் நிறுவனத்தின் பொருள், லினக்ஸை நிறுவிய கணத்திலேயே வேலைசெய்கிறது. விவரங்களைத் தன்னிடமே பூட்டிவைத்திருக்கும் நிறுவனத்தின் பொருளுக்கு வாங்கியவர்தான் அலைய வேண்டும்.

இந்த வேறுபாடு செயலியில் அநேகமாகத் தென்படுவதில்லை. அது வைபை சில்லிலும் வரைகலைச் சில்லிலும் தென்படுகிறது. இன்ரெலின் வைபை அட்டைகளுக்கு நெடுங்காலமாகக் கருவுக்குள்ளேயே நல்ல ஆதரவு இருக்கிறது. ரியல்டெக்கின் மலிவான சில சில்லுகள் இயங்கினாலும் இணைப்பு இடையிடையே அறுந்துபோகிறது. புரோட்கொம்மின் பல சில்லுகளுக்கு மூடிய நிரலைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருக்கிறது. மீடியாடெக்கின் எம்.டி.7921 போன்றவை 2021இலிருந்து கருவில் உள்ளன. ஆகவே போதிய அளவு புதிய கரு இருந்தால் அவை இயங்கும். கம்பி இணைப்பு இல்லாத, கைப்பேசியின் டேட்டாவையே இணையமாகக் கொண்ட வீடுகள் நம்மிடையே பல. அங்கே வைபை இயங்காத கணினிக்கு வைபை நிரலைத் தரவிறக்குவது எப்படி என்ற சிக்கல் எழும்போது, அன்ட்ரொய்ட் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் லினக்ஸ் பொதுவாக அதை உடனே ஏற்றுக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. வரைகலையைப் பொறுத்தவரை, இன்ரெல், ஏ.எம்.டி. இரண்டுக்கும் திறந்த இயக்கு நிரல்கள் கருவுடனேயே வருகின்றன. என்விடியா 2022 மே மாதத்தில் தன் புதிய சில்லுகளுக்கான கருக் கூறுகளைத் திறந்ததென்றாலும், அதற்கு மேலேயுள்ள பகுதி இன்னும் மூடியதே. முப்பரிமாண வேலையோ செயற்கை நுண்ணறிவுக் கணிப்புகளோ உங்கள் தொழிலாக இல்லாவிட்டால், என்விடியா சில் இல்லாத கணினியை வாங்கிவிடுவது பற்றரிக்கும் மனநிம்மதிக்கும் நல்லது.

இனி, கடையில் பெட்டி பிரிக்காமல் கிடைக்கும் புதிய கணினி. லெனோவோவின் ஐடியாபேட், ஏசரின் அஸ்பயர், அசூஸின் விவோபுக், எச்.பி.யின் 15 அங்குல வரிசை என்பன இதில் அடங்கும். செயலி புதியது, பற்றரி முழுப் பலத்துடன் இருக்கும், சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. பாவிக்கப்படாதது, ஓர் ஆண்டோ அதற்கு மேலோ உத்தரவாதம் உண்டு. விண்டோஸ் இல்லாமல் டொஸ் என்னும் பழைய எளிய இயங்குதளம் மாத்திரம் போட்டு விற்கும் மாதிரிகள் கிடைத்தால், பாவிக்கப்போகாத உரிமத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நிரல்களைத் தொகுப்பதையே நாள்முழுவதும் செய்பவருக்குப் புதிய செயலியின் வேகம் மெய்யான பயனைத் தரும்.

ஆனால் இந்த வகையின் குறைகள் லினக்ஸ் பாவனையாளரையே கூடுதலாகத் தாக்குகின்றன. மெல்லிய கணினிகளில் ராம் நினைவகத்தின் ஒரு பகுதியோ முழுவதுமோ தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. 8 கிகாபைற்றுடன் வாங்கியது 8 கிகாபைற்றாகவே நின்றுவிடலாம். வைபை சில் எந்த நிறுவனத்தினது என்பது பெட்டியில் எழுதப்படுவதில்லை. ஒரே மாதிரிப் பெயரில் வரும் இரண்டு கணினிகளில் இரண்டு வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். பல புதிய இன்ரெல் கணினிகளில் சேமிப்பகத்தைக் கையாளும் வி.எம்.டி. என்னும் அமைப்பு இயக்கத்தில் இருப்பதால், லினக்ஸ் நிறுவி எஸ்.எஸ்.டி.யையே காணாமல் விழிக்கும்; கணினி தொடங்கும்போதே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் அதை நிறுத்தினால்தான் வழி திறக்கும். சில ஏசர் கணினிகளில் அந்தத் தெரிவே மறைந்திருந்து, பயோஸின் முதன்மைப் பக்கத்தில் கொன்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்திய பிறகே வெளிப்படும். விண்டோஸையும் அருகில் வைத்திருக்க விரும்புபவர், இதில் கைவைக்கும் முன்னர் விண்டோஸ் கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் தன் கோப்புகளிலிருந்தே வெளியே பூட்டப்பட்டுவிடுவார். மூடிவைத்த கணினி உறங்கும் முறையும் மாறிவிட்டது: எஸ்3 எனப்படும் பழைய உறக்க நிலை புதியவற்றில் பெரும்பாலும் இல்லை, அதற்குப் பதிலாக வந்த நிலையில் பையில் கிடந்தபடியே பற்றரி வடியும் மாதிரிகள் உண்டு. பன்னிரண்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன இன்ரெல் செயலி கொண்ட சில விலையுயர்ந்த கணினிகளில் ஐ.பி.யூ.6 என்னும் படச் செயலாக்கி வழி இணைக்கப்பட்ட கமெரா லினக்ஸில் எளிதில் இயங்குவதில்லை.

உத்தரவாதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு பேருந்துப் பயணம். நமக்கோ, கணினியைப் பொதிசெய்து அனுப்பி, எப்போது திரும்பும் எனக் காத்திருப்பது. வாங்கும்போதே, விண்டோஸை நீக்கினால் உத்தரவாதம் செல்லுமா என்று கேட்டு, விற்பவரின் விடையைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னது, பழுதடைந்த நாளில் நினைவிருப்பதில்லை.

பாவித்த அலுவலகத் தரக் கணினி என்று நான் சொல்வது, லெனோவோவின் திங்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியவற்றை. வெளிநாட்டு நிறுவனங்கள் தொகையாகக் கழிப்பவை இங்கு இறக்குமதியாகிக் கொழும்பு பம்பலப்பிட்டியின் யூனிற்றி பிளாசா போன்ற இடங்களிலும், அங்கிருந்து எடுத்து வந்து நமது ஊர்க் கடைகளிலும் விற்கப்படுகின்றன. இவற்றைத் தயாரித்தவர்கள், நிறுவனத்தின் திருத்துநர் ஒருவர் ஆணிகளைக் கழற்றிப் பாகங்களை மாற்றுவார் என்று எண்ணியே வடிவமைத்தார்கள். பழுதுபார்க்கும் கைநூல்கள் தயாரிப்பாளரின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பயோஸைப் புதுப்பிக்கவும் விண்டோஸ் தேவையில்லை. இந்த மூன்று நிறுவனங்களும் தம் அலுவலக மாதிரிகள் பலவற்றுக்கான, பயோஸ் போன்ற நிலைபொருளை (வன்பொருளோடு ஒட்டிய மென்பொருளை) லினக்ஸிலிருந்தே புதுப்பிக்கக்கூடியதாக எல்.வி.எஃப்.எஸ். என்னும் பொதுக் களஞ்சியத்தில் இடுகின்றன.

இவற்றில் 2018ஆம் ஆண்டளவில் வந்த, எட்டாம் தலைமுறை இன்ரெல் செயலி கொண்டவற்றை நான் வற்புறுத்துவது விண்டோஸ் 11இற்காக அன்று. ஏழாம் தலைமுறை வரை மெல்லிய மடிக்கணினிகளுக்கான இன்ரெல் ஐ5 செயலிகளில் இரண்டு கோர்களே (ஒரே வேளையில் தனித்தனியே கணிக்கும் பகுதிகள்) இருந்தன. எட்டாம் தலைமுறையில் அவை நான்காயின. ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்தப் பாய்ச்சல், பல தத்தல்களைத் திறந்த உலாவியும் நிரல் எழுதும் கருவியும் ஒன்றாக ஓடும்போது தெளிவாகத் தெரிகிறது. அதே வேளை, ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் விண்டோஸ் 11இன் வாயிலில் நிறுத்தப்பட்டதால் இன்னும் மலிந்திருக்கின்றன. கடிதம் அடிக்கவும் இணைய வகுப்பைப் பார்க்கவும் மட்டும் தேவைப்படும் ஒருவர், 8 கிகாபைற்று ராமும் எஸ்.எஸ்.டி.யும் கொண்ட அத்தகைய ஒன்றை எடுத்தாலும் லினக்ஸில் குறையொன்றும் இராது.

திங்பேட் டி480 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2018இல் வந்த இந்த மாதிரியில் ராமுக்கு இரண்டு துளைகள் உள்ளன. வைபை அட்டை இன்ரெலினுடையது. விசைப்பலகை சிறிதளவு நீர் சிந்தினாலும் தாங்கும். இவற்றையெல்லாம்விட அதன் பற்றரி அமைப்பு இலங்கையருக்கென்றே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. உள்ளே 24 வாற்று-மணி கொள்ளளவுள்ள ஒரு பற்றரி இருக்க, பின்புறத்தில் கையால் கழற்றக்கூடிய இன்னொன்று பூட்டப்படுகிறது. வெளிப் பற்றரியை 24, 48, 72 வாற்று-மணி அளவுகளில் வாங்கலாம். உள் பற்றரி கணினியைத் தாங்கிக்கொண்டிருக்க, வேலையை நிறுத்தாமலே வெளிப் பற்றரியை மாற்றலாம். அடுத்து வந்த டி490இல் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது, ஒரு ராம் துளையும் போயிற்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் இன்றிப் போனதையும் கண்ட நாம், உபரியாக ஒரு பற்றரியை மேசையில் வைத்திருக்கக்கூடிய கணினியின் அருமையை அறிவோம். மேலும், பற்றரியை 80 வீதத்துக்கு மேல் ஏற்றாமல் நிறுத்தும் எல்லையைத் திங்பேட்களில் லினக்ஸிலிருந்தே வைக்கலாம். நாள்முழுதும் சார்ஜரில் கிடக்கும் கணினியின் பற்றரி ஆயுள் இதனால் நீளும். விரலடையாள வாசிப்பான் மட்டும் வழமையான லினக்ஸ் நிறுவலில் இயங்குவதில்லை. கடவுச்சொல்லால் திறப்பவருக்கு அது பெரிய இழப்பன்று.

டெல் லாட்டிடியூட் 7490, எச்.பி. எலைட்புக் 840 ஜி5 இரண்டும் அதே தலைமுறையைச் சேர்ந்தவை, இரண்டிலும் ராமுக்கு இரண்டு துளைகள் உண்டு. வெளிப் பற்றரி இல்லையென்பதே டி480இலிருந்து முக்கிய வேறுபாடு. எலைட்புக்கை எடுப்பவர் திரையைப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். அயலில் இருப்பவர் பார்க்காதபடி மறைக்கும் திரை பொருத்தப்பட்ட பிரதிகளில் நிறம் மங்கலாகத் தெரியும். திங்பேட் எக்ஸ்1 கார்பன் பார்வைக்கு அழகானது, எடையும் குறைவு. ஆனால் அதன் ராம் ஒட்டப்பட்டது என்பதால், 16 கிகாபைற்று உள்ள பிரதி கிடைத்தாலன்றி நான் பரிந்துரைப்பதில்லை.

பாவித்ததன் ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, பயோஸ் பூட்டு. நிறுவனம் வைத்த மேற்பார்வைக் கடவுச்சொல்லை நீக்காமலே சில கணினிகள் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அலுவலகத் தரக் கணினிகளில் அதை உடைப்பது இலேசன்று. இரண்டாவது, நமது கடற்கரைக்கே உரிய உப்புக்காற்று. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஜன்னலோரத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்த கணினியின் யூ.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. துளைகளுக்குள் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்டதன் தாய்ப்பலகையும் நெடுநாள் நில்லாது. எனவே ஊருக்குள் கைமாறும் கணினியைவிட, அண்மையில் வெளிநாட்டிலிருந்து இறங்கியதைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பானது. மூன்றாவது, வெப்பம். ஏழெட்டு வருடக் கணினியில் செயலிக்கும் குளிரூட்டிக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்துபோயிருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மின்விசிறி இரைந்துகொண்டேயிருந்து வேகம் குறைந்தால், கணினி பழசாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திருத்துநரிடம் கொடுத்துப் பசையைப் புதிதாக இடுவித்துத் தூசியைத் துடைப்பித்தால் போதும். வாங்கும் தொகையில் ஒரு பகுதியை இதற்கும் புதிய பற்றரிக்கும் ஒதுக்கிவைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

மற்றத் தெரிவுகளை விரைவாகக் கடந்துவிடலாம். அமெரிக்காவின் சிஸ்டம்76, ஃப்ரேம்வொர்க் போன்ற நிறுவனங்கள் லினக்ஸை மனத்திற்கொண்டு கணினிகளை விற்கின்றன. 2021இல் முதற் கணினியை வெளியிட்ட ஃப்ரேம்வொர்க், ஒவ்வொரு பாகத்தையும் பாவனையாளரே மாற்றலாம் என்பதைக் கொள்கையாகவே கொண்டது. அந்தக் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் பாகம் ஒவ்வொன்றும் கடல்கடந்து, தீர்வை கட்டி வர வேண்டுமானால், அதன் பயன் இங்கு பாதியாகிவிடுகிறது. அப்பிளின் எம்1, எம்2 கணினிகளில் அசாகி லினக்ஸ் திட்டத்தார் வியக்கத்தக்க வேலை செய்து, 2023 டிசம்பரில் ஃபெடோரா அசாகி பதிப்பையும் வெளியிட்டார்கள். ராமும் சேமிப்பகமும் ஒட்டப்பட்ட அந்தக் கணினியை லினக்ஸுக்காகவே காசு கொடுத்து வாங்குவது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை. பயோஸ் உட்பட யாவும் இயன்றவரை சுதந்திர மென்பொருளாக இருக்க வேண்டும் என்று கருதுபவருக்கு, பயோஸுக்குப் பதிலாக இடக்கூடிய லிப்ரேபூட் இருக்கிறது. பழைய திங்பேட் எக்ஸ்200, டி440பி என்பவற்றோடு இப்போது டி480இலும் அதை இடலாம் என்பது, அந்த மாதிரியின் பக்கம் சாய இன்னொரு காரணம்.

லினக்ஸின் எந்த வெளியீட்டை (கருவோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பை) நிறுவப்போகிறீர்கள் என்பதும் கணினித் தெரிவோடு பிணைந்தது. பாவித்த கணினிக்கு டெபியனோ லினக்ஸ் மின்ட்டோ முற்றிலும் போதும். டெபியன் 12இலிருந்து வைபை போன்றவற்றுக்கான மூடிய நிலைபொருள்களும் நிறுவியுடனேயே வருவதால், முன்பிருந்த தொல்லை தீர்ந்துவிட்டது. 2025 ஓகஸ்டில் டெபியன் 13 வெளியாயிற்று. மின்ட் 22இற்கான ஆதரவு 2029 வரை உண்டு. இந்த ஆண்டு வெளிவந்த புதிய கணினியை வாங்குபவருக்கோ ஃபெடோரா போன்ற, புதிய கருவைத் தொடர்ந்து தரும் வெளியீடு தேவைப்படும். ஆர்ச் போன்றவற்றில் புதுப்பிப்புகள் ஓயாமல் பெரிய அளவில் வந்துகொண்டிருக்கும்; டேட்டா அட்டையில் மாதத்தை ஓட்டும் வீட்டுக்கு அது செலவு. நிலையான டெபியனும் பழைய கணினியும் சேரும்போது, கணினிக்கு மட்டுமன்றி இணையத்துக்கும் ஆகும் செலவு குறைகிறது.

தமிழில் தட்டெழுதுபவர் தயங்க வேண்டியதில்லை. தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு முறைகளை ஐபஸ் என்னும் தட்டெழுத்து உள்ளீட்டுக் கருவி வழியாகச் சேர்க்கலாம். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினியில் அடித்துப் பழகியவர், அந்த எழுத்துருவை நிறுவி லிப்ரே ஒஃபீசில் முன்போலவே தொடரலாம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைந்த ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத லினக்ஸில் திறக்கும்போது வேறோர் எழுத்துருவில் தெரிவதால் வரிகள் இடம்பெயரும். படிவங்களை நாளும் பரிமாறும் அலுவலகம் இதைச் சோதித்துப் பார்த்த பின்னரே மாற வேண்டும். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்குவைப்பு மென்பொருளை நம்பியிருக்கும் கடைக்காரரும் அவ்வாறே.

புதியதை யார் வாங்க வேண்டும்? நிரல் தொகுப்பிலோ காணொளித் தொகுப்பிலோ நேரமே வருமானமாக இருப்பவர், ஒரு பொழுதில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர், கொள்முதல் விதிகளின்படி உத்தரவாதம் கட்டாயமான பாடசாலை அல்லது அலுவலகம் ஆகியோர். இவர்களும் வீட்டுப் பாவனை வரிசையை விட்டு, இன்ரெலோ ஏ.எம்.டி.யோ வரைகலை கொண்ட, ராமுக்குக் குறைந்தது ஒரு துளையாவது உள்ள அலுவலக வரிசையின் புதிய மாதிரியைக் கேட்க வேண்டும். விலை கூடும். ஆனால் அதன் பாகங்களைப் பின்னர் மாற்ற முடியும்.

எதை வாங்குவதாயினும், கடைக்குப் போகும்போது லினக்ஸ் மின்ட் எழுதிய பென் டிரைவ் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். தரவிறக்க ஏறத்தாழ 3 கிகாபைற்று ஆகும். வளாகத்திலோ நண்பரிடமோ பெற்றுக்கொள்ளலாம். முதலில் பயோஸுக்குள் நுழையுங்கள். கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை அங்கேயே விட்டுவிடுங்கள். பின்னர் பென் டிரைவிலிருந்து இயக்கி, உங்கள் கைப்பேசியின் இணையத்தை வைபை மூலம் இணைத்து ஒரு காணொளியை ஓடவிடுங்கள். ஒலி, கமெரா, ஒவ்வொரு யூ.எஸ்.பி. துளை, விசைகள் அனைத்தையும் பாருங்கள். மூடியை மூடி, சிறிது நேரம் கழித்துத் திறந்து, உறக்கத்திலிருந்து எழுகிறதா எனக் கவனியுங்கள். மின் புள்ளிவிவரம் என்னும் செயலி, பற்றரியின் வடிவமைப்புக் கொள்ளளவையும் இப்போது எஞ்சியிருப்பதையும் பக்கத்தில் பக்கம் காட்டும். எஞ்சியது பாதிக்குக் கீழென்றால் புதிய பற்றரியின் விலையை நேராகவே கழித்துப் பேசுங்கள். இத்தனைக்கும் அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தைத் தர மறுக்கும் கடையில், பெட்டி பிரிக்காத புதியதையும் வாங்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.